யார் கூப்பிட்டால் வரும்?

ஜனவரி 8

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கே சுகம். அக்காவின் முட்டிவலி தேவலையா? மாடு முட்டியதிலிருந்து மந்தமான உங்கள் காதுக்குப் போன் கேட்பதாக இருந்தால் அதிலேயே கத்தியிருப்பேன். அது நடக்காது என்பதால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆயத்த ஆடை ஃபேக்டரியில் துணி வெட்டும் ஹாலுக்குப் பின்னால் கழிவுத்துணி போடும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே பூனைகள் பெருகிவிட்டன. யாரும் வளர்க்கவில்லை. தானாக வந்தவை, தானாகப் பெற்றுப் போட்டவை. எலி துணியைக் கடிக்காமல் இத்தனை வருஷம் காத்தது அவைதான். பழைய மேனேஜருக்கு அது தெரியும். புதியவருக்குத் தெரியாது. போன வாரம் ஏற்றுமதிக்கு வைத்திருந்த வெள்ளைத் துணி உருளையின் நடுவில் ஒரு பூனை நாலு குட்டி போட்டுவிட்டது. உருளை மொத்தமும் பாழ்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மே மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். அதுக்கப்புறம் ஒரு குட்டி என் கண்ணுல பட்டாலும் காண்ட்ராக்டரை விட்டு மொத்தத்தையும் எடுத்துடுவேன்" என்றார்.

"எடுத்து எங்க சார் கொண்டுபோவாங்க?"

"அது உங்களுக்கு எதுக்கும்மா?"

அந்தப் பதிலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாளே ஊருக்குள் இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். ஒரு பூனைக்குக் கருத்தடை செய்ய என் அரை மாதச் சம்பளம் கேட்டார்கள். மொத்தமாகக் கொண்டுவந்தால் குறைப்பீர்களா என்றேன். "இது காய்கறிக் கடை இல்லைங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

நீங்கள் முப்பத்துநாலு வருஷம் அரசாங்க மாட்டு டாக்டர். உங்களை வரச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிடுகிற மனிதர், வீட்டுக்குள் பூனை நுழைந்தால் கொல்லைப்பக்கம் போய் நிற்பார் என்பது குடும்பத்துக்கே தெரிந்த கதை. செலவு கையைக் கடிக்காமல் காரியம் நடக்க வழி மட்டும் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

கத்திரி (நீங்கள் வைத்த பெயர்தானே!)


ஜனவரி 19

பொருள்: ஃபேக்டரிப் பூனைகள் – கருத்தடை – தொடர்பாக.
பார்வை: உன் எட்டாம் தேதிக் கடிதம்.

கத்திரிக்கு,

இங்கு இருவரும் நலம். முட்டிவலி மழை நாளில் மட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். நாள் முழுக்க நின்றே வெட்டுகிறாய், காலுக்குச் சரியான செருப்புப் போடு.

1. முதலில் எண்ண வேண்டும். எத்தனை, அதில் பெண் எத்தனை என்று தெரியாமல் எந்த டாக்டரிடமும் பேசாதே.
2. கால்நடை மருத்துவக் கல்லூரி எதுவானாலும் குறைந்த செலவு முகாம் நடத்தும். மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? அங்கே மனுக் கொடு.
3. அறுவை செய்த பூனைக்கு இடது காது நுனியை நேராக வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். மயக்கத்தில் செய்வது, வலிக்காது.
4. அவற்றுக்குச் சோறு வைப்பது யார்? யார் கூப்பிட்டால் வரும்?

இப்படிக்கு,
அத்தான்

ஏடி, உன் அத்தான் வீட்டுக் கடிதத்துக்கும் 'பொருள்', 'பார்வை' போடுகிறார் பார். ஓய்வு பெற்றது ஆபீஸ்தான், இவர் இல்லை. பூனை என்று படித்ததுமே முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஒரே சிரிப்பு. – அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அத்தானுக்கு,

செருப்பு வாங்கிவிட்டேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

எண்ணியாகிவிட்டது. இருபத்தாறு. வெட்டிய துணிக்கட்டுக்கு எப்படி நம்பர் சீட்டுப் போடுவேனோ அப்படியே ஒவ்வொரு பூனைக்கும் ஒரு சீட்டு: நிறம், வால், அளவு. பெண் பதினைந்து, ஆண் ஒன்பது. மிச்சம் இரண்டும் வாலைத் தூக்கமாட்டேன் என்கின்றன.

கல்லூரிக்கும் போனேன். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாத பிராணியை எடுக்கமாட்டார்களாம். "தெருப்பூனைக்கு நாங்க யாரைப் பொறுப்பாக்குறது?" என்று குமாஸ்தா கேட்டார். அவ்வளவுதானே என்று இருபத்தாறு படிவம் வாங்கி வந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னையும் சேர்த்து இருபத்தாறு பெண்கள் ஆளுக்கொரு பூனைக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டார்கள். பொத்தான் துளை போடும் காஜா மிஷின்காரி தனக்கு வெள்ளைப் பூனைதான் வேண்டும் என்று சண்டை. ஒற்றைக்கண் கடுவனை யாரும் எடுக்கவில்லை. அது எனக்கு.

நீங்கள் கேட்ட நாலாவது கேள்வி. பிசிறு நூல் வெட்டும் பெரியக்கா ஒருத்தி இருக்கிறாள். சொந்தபந்தம் இல்லாதவள். தன் டப்பாவில் பாதியை அவைகளுக்கு வைப்பாள். அவள் நாக்கை இரண்டு முறை சொடுக்கினால் போதும், கூரை, குழாய், மூட்டை இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் வந்து மடியில் ஏறிவிடும். எங்களைக் கண்டால் பறக்கிற பூனைகள் அவளிடம் பச்சைப்பிள்ளையாகிவிடுகின்றன. அவள் என்ன செய்தாலும் பேசாமல் இருக்கும். ஆக, பிடிப்பது சுலபம் என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்தை உடனே எழுதவும்.

கத்திரி


பிப்ரவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? கடிதம் போட்டு நாலு வாரம் ஆகிறது. கடிதம் கிடைத்ததுமே பதில் எழுதுகிறவர் நீங்கள். காதில் ஏதாவது தொந்தரவா?

நீங்கள் எழுதாததால் நானே இறங்கிப் பார்த்தேன். கல்லூரியில் கூண்டு நாலு இரவல் வாங்கி ஒத்திகை. பெரியக்கா கூப்பிட்டால் மடிக்கு வருகிறதே தவிர, கூண்டுக்குள் தள்ளினால் அவள் கையைக் கிழித்துவிடும். பசித்தால் தானாக உள்ளே போகும் என்றார்கள். அதனால் ஒரு நாள் முழுக்க யாரும் ஒரு பருக்கைகூட வைக்கக்கூடாது என்று ஹாலில் அறிவித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் கூண்டில் மீனை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் வயிறு உப்பி வெயிலில் படுத்திருந்தன.

விசாரித்தேன். "என் பூனை மட்டும்தானே, பாவம்னு கொஞ்சூண்டு வெச்சேன்" என்றாள் காஜா மிஷின்காரி. அயர்ன்காரியும் அதையே சொன்னாள். என்னைத் தவிர இருபத்தைந்து பேரும் இரக்கப்பட்டிருக்கிறார்கள். சொந்தக்காரி ஆக்கியது என் தப்பு. கையெழுத்துப் போட்ட மறு நிமிஷமே பாசம் வந்துவிட்டது இவர்களுக்கு.

சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் மனசுக்குள் திக்திக் என்றிருக்கிறது. மே மாதம் ஓடி வந்துவிடும். ஒரு வரியாவது எழுதுங்கள்.

கத்திரி


மார்ச் 5

கத்திரிக்கு,

நலமே. தாமதத்துக்கு மன்னி.

பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போதும். சாப்பாட்டு டப்பாக்களை எல்லாம் ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை நீ வைத்துக்கொள். பூனை உள்ளே போனதும் கூண்டைத் துணியால் முழுக்க மூடிவிடு. இருட்டானால் அடங்கிவிடும். அந்த அம்மாவைக் கூப்பிடச் சொல்லாதே. அவர் அங்கே இருக்கவே வேண்டாம்.

டாக்டரைக் கல்லூரியே ஏற்பாடு செய்துவிடும் என்று நினைக்கிறேன்.

அத்தான்

ஏடி, இவருக்கு என்னமோ ஆகிவிட்டது. உன் ஜனவரிக் கடைசிக் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு வெளியே போனவர், விளக்கு வைத்தபிறகுதான் வந்தார். சாப்பிடவும் இல்லை. கேட்டால் காதுவலி என்கிறார். இனிமேல் பூனைப் பயத்தை வைத்துக் கேலி பண்ணாதே, ரோஷம் வந்திருக்கிறது போல. – அக்கா


மார்ச் 16

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நலமாக இருங்கள்.

இன்று கேலி இல்லை. கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். மே பத்து, பதினொன்று இரண்டு நாளும் மேஜை, கூடம், உதவிக்கு மாணவர்கள் எல்லாம் தருகிறார்கள். மருந்தை அடக்க விலைக்கே தருகிறார்கள். ஆளுக்கு ஒரு நாள் கூலி போட்டால் தாங்கும், எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். இல்லாதது ஒன்றுதான். விடுமுறை நாளில் அறுவை செய்ய அவர்களிடம் டாக்டர் இல்லை. பதிவுள்ள டாக்டரை நாங்களே அழைத்துவர வேண்டும்.

நாலு பேரைக் கேட்டுவிட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் மொத்தத் தொகை சொன்னார், அதைக் கேட்டு நான் சிரித்தேன். மற்ற இருவரும் கூப்பிடுகிறேன் என்றார்கள், கூப்பிடவில்லை.

அத்தான், நீங்கள் வாருங்கள். உங்களுக்குப் பதிவு இருக்கிறது, கை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. பயம் என்றால் பயம் என்று எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் மயக்க ஊசி போட்டபிறகே உங்கள் முன்னால் கொண்டுவரச் சொல்கிறேன். வேறு காரணம் என்றால் அதை எழுதுங்கள். 'கல்லூரியே ஏற்பாடு செய்துவிடும்' என்று மட்டும் இன்னொரு தரம் எழுதாதீர்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கத்திரி


ஏப்ரல் 2

கத்திரிக்கு,

இந்தக் கடிதத்தை அக்கா பார்க்கவில்லை. தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குப் பூனைப் பயம் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை.

இருபத்தாறு வயதில் முதல் வேலை. ஒரு தானியக் கிடங்கில் பூனைகள் மூட்டைகளை அசுத்தம் செய்கின்றன என்று புகார் வந்தது. அழித்துவிடும்படி மேலதிகாரி எழுத்தில் உத்தரவு கொடுத்தார், மருந்தும் கொடுத்தார். பிடிக்க ஆள் தரவில்லை. அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் கூப்பிட்டால் பூனைகள் வரும். "நோய் வராம இருக்க ஊசிம்மா, கூப்பிடுங்க" என்றேன். அவர் நம்பிக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டதும் தளர்ந்துபோனவற்றைத் தூங்குகின்றன என்று நினைத்து வரிசையாகப் படுக்க வைத்தார். குளிருமே என்று மேலே சாக்கும் போர்த்தினார்.

எல்லாம் முடிந்ததும், "எப்போ எழுந்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பூனை வந்தது. உன் அக்கா அதைக் கொஞ்சிக் கூப்பிட்டாள், அது வந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே போய்விட்டேன். "பூனைக்கா பயப்படுறீங்க?" என்று அவள் சிரித்தாள். ஆமாம் என்றேன். அதுவே சுலபமாக இருந்தது.

ஆபீஸ் உத்தரவு என்று எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. உத்தரவு என்னுடையது இல்லைதான். ஆனால் அந்த அம்மாவிடம் சொன்ன பொய் என்னுடையது. இந்தக் கையோடு நான் எப்படி அங்கே வருவது, சொல்.

அத்தான்


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் துணி மேஜையில் வைத்து மூன்று முறை படித்தேன். அன்று ஒரு உருளையைக் கோணலாக வெட்டிவிட்டேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை.

சமாதானம் சொல்ல எனக்கு வராது. நீங்கள் செய்தது சின்ன விஷயம் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இருபத்தாறு வயதில் அதைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வந்தவரை நினைத்தாலும் எரிகிறது.

ஆனால் ஒன்று. நீங்கள் வராவிட்டால் ஜூன் மாதம் இங்கே ஒரு காண்ட்ராக்டர் வருவான். அவனும் பெரியக்காவைத்தான் கூப்பிடச் சொல்வான்.

மே பத்து காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலில் நிற்பேன். நீங்கள் வரவில்லை என்றால் கோபப்படமாட்டேன், இது சத்தியம். அக்காவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். அது உங்கள் பாடு.

கத்திரி


ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

சுகமா? இங்கே நடக்கிற கூத்தைக் கேள். உன் அத்தான் இரண்டு வாரமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு "பாங்க் வேலை" என்று கிளம்புகிறார். பாங்கில் இப்படியா கையைப் பிறாண்டி அனுப்புவார்கள்? சட்டை முழுக்க மயிர். நேற்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டேன். முன்பு இவரிடம் உதவி டாக்டராக இருந்த பெண் இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கிளினிக் வைத்திருக்கிறாள். அங்கே போகிறார்! முதல் வாரம் கத்தியையே தொடவில்லையாம், ஒரு பூனையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் அவள் கூட நின்று கற்றுக்கொண்டு, இப்போது ஒரு நாளைக்கு நாலு அறுவை செய்கிறாராம். மாட்டுக் கை பூனைக்குப் பழக நாளாகிறது என்று அவள் சிரித்தாள். மே மாதம் அவளும் உங்கள் ஊருக்கு வருகிறாளாம்.

அறுபத்திரண்டு வயதில் என் பயந்தாங்கொள்ளி பயத்தை விட்டுவிட்டார்டி! பெருமையாக இருக்கிறது. நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அக்கா


மே 14

பொருள்: எதுவும் இல்லை.

கத்திரிக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, மற்றபடி நலம். நீ கூண்டோடு கல்லூரி வாசலுக்கும் கொட்டகைக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். உள்ளே நடந்த ஒன்று உனக்குத் தெரியாது.

முதல் நாள் முதல் நாலு பூனைகளை முடித்து, கம்பளி விரித்துப் படுக்க வைத்திருந்தோம். திரும்பிப் பார்த்தால் உன் பெரியக்கா அங்கே நிற்கிறார். வரவேண்டாம் என்று எழுதியிருந்தேன். நீ சொல்லியிருப்பாய், அவர் கேட்டிருக்கமாட்டார். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "எப்போ எழுந்திருக்கும் டாக்டர்?"

கூட வந்த டாக்டர் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைத் தடுத்து, "ஒரு மணி நேரத்துல எழுந்திருக்கும்மா" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பூனை மேஜையில் காத்திருந்தது. அதை அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் சாம்பல்நிறப் பெட்டை ஒன்று தலையைத் தூக்கியது. ஆடியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. "எழுந்திருச்சிருச்சு" என்றார் அவர், சாதாரணமாக. நான் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து கத்தியை எடுத்தேன்.

இரண்டு நாளில் இருபத்தைந்து. எல்லாம் எழுந்தன.

அத்தான்


ஜூன் 1

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

இருவரும் நலம்தானே? முதுகுக்கு ஓய்வு கொடுங்கள்.

நேற்று மேனேஜர் கொட்டகையைச் சுற்றி வந்தார். மூலை மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தார். குட்டி இல்லை. "எல்லாத்துக்கும் காதுல என்ன?" என்றார். விளக்கினேன். "சரி, வெள்ளைத் துணி ரூமுக்கு மட்டும் வலைக்கதவு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காண்ட்ராக்டர் பேச்சே எடுக்கவில்லை! ஹாலில் விசில் பறந்தது.

ஒரே ஒரு குறை. நம்மிடம் சிக்காத இருபத்தாறாவது, அந்தப் பழுப்புப் பெட்டை. கூரை மேலிருந்தே எங்களை மேற்பார்வை பார்ப்பதால் சூப்பர்வைசர் என்று பெயர். அதற்கு வயிறு லேசாகப் பெருத்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். மேனேஜர் கண்ணில் படுமுன் முடிக்க வேண்டும். பக்கத்துச் சாயப்பட்டறைப் பெண்களும் வந்து கேட்டார்கள். அவர்களிடம் அறுபது பூனையாம். யோசிக்காமல் தேதி கொடுங்கள்.

கத்திரி


ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலம் அவர் என்னை உட்கார வைத்துக் கிடங்குக் கதையைச் சொன்னார். முழுக்கச் சொன்னார். உனக்கு ஏப்ரலிலேயே தெரியும் என்பதையும் சொன்னார். உன்மேல் கோபம் இல்லை.

என்மேல்தான் ஆத்திரம். முப்பத்துமூன்று வருஷமாக வீட்டுக்கு யார் வந்தாலும் 'பூனைக்குப் பயந்த மாட்டு டாக்டர்' என்று சொல்லிச் சிரிக்க வைத்தது நான்தானே? அவரும் கூடச் சேர்ந்து சிரித்தாரே! எத்தனை தடவை, எத்தனை பேர் முன்னால். அழுதுவிட்டேன். "நீ அழுவேன்னுதான் சொல்லல" என்றார். "நான் அழுதா என்ன, அழுதுட்டுப் போறேன், நீங்க ஏன் தனியா கொல்லைப்பக்கம் நின்னீங்க?" என்று கத்தினேன். அப்போதே ஒரு தடவையாவது நான் பின்னாலேயே போய் ஏன் என்று கேட்டிருக்கலாம். நான் உள்ளே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதை இனி மாற்ற முடியாது. வியாழக்கிழமை இருவரும் கிளம்பி வருகிறோம். சூப்பர்வைசருக்கும் சரி, சாயப்பட்டறை அறுபதுக்கும் சரி, மேஜையில் பூனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா? அது நான். முட்டிவலி இருந்தால் இருக்கட்டும், ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். அவர் பக்கத்தில்தான் இருப்பேன்.

சூப்பர்வைசரைப் பிடிக்க வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடுவார்களா என்று உன் மேனேஜரைக் கேட்டு வை. விடாவிட்டாலும் வருவேன்.

அக்கா